பெயர் தைத்த பதினோரு பைகள்

பைகள் பதினொன்றும் காலை ஆறு மணிக்கே புறப்பட்டுப் போய்விட்டன. பதினோரு பிள்ளைகளின் இடுப்பில் தொங்கிக்கொண்டு, கம்பெனி லாரியில் ஏறி, வெம்பக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஆற்றங்கரையில் இருக்கும் குலதெய்வக் கோயிலுக்கு. விருதுநகர் வீட்டில் மிஞ்சியது வீரலட்சுமியும், தையல் மிஷினும், அதன் காலடியில் ஒரு கூடை வெட்டுத்துணியும்தான்.

இன்றைக்கு அவளுடைய பிள்ளைக்குக் காதுகுத்து. அவளுடைய பிள்ளை என்று நாம் சொல்கிறோம். அவள் அப்படிச் சொல்லத் துணிய மாட்டாள்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால்தான் அவள் இராமகிருஷ்ணனுக்கு இரண்டாம் தாரமாக இந்த வீட்டுக்கு வந்தாள். மூத்தவள் ஜன்னி கண்டு இறந்து இரண்டு வருஷமாகிறது. அவள் விட்டுப்போன பையனுக்கு இப்போது ஐந்து வயது. அவனுக்குத் தாத்தாவின் பெயரையே வைத்திருந்தார்கள்: அய்யாதுரை. பெரிய அய்யாதுரைதான் வெடிக் கம்பெனியின் முதலாளி, வீரலட்சுமிக்கு மாமனார். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லும் வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. பேரனுக்கும் அதே பெயர் என்றால் பேரனையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது.

ஆகவே அவள் பிள்ளையைத் 'தம்பி' என்பாள். பிள்ளை அவளை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு நிற்பான். அவள் நிரப்பிக் கொடுப்பாள். ஒன்பது மாதப் பேச்சுவார்த்தை இவ்வளவுதான்.

அதற்கும் ஆபத்து வந்திருந்தது. போன வாரம் மூத்தவளின் அண்ணன் சோணைமுத்து வந்து, பிள்ளையைத் தூக்கி எடைபார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். "காதுகுத்து முடியட்டும். பிள்ளை இங்கன இருக்கிறதா, எங்க வீட்டுல இருக்கிறதான்னு அன்னைக்குப் பேசிக்கிடுவோம்."

அவர் அதைச் சொல்லி எட்டு நாள். எட்டு நாளும் வீரலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. கை சும்மா இருந்தால் மனசு எங்கெங்கோ போகிறது என்றுதான் பைகளைத் தைக்க உட்கார்ந்தாள்.

காதுகுத்துக்கு வரும் பிள்ளைகளுக்குப் பொரிகடலையும் சீனிமிட்டாயும் காகிதத்தில் மடித்துக் கொடுப்பது வழக்கம். காகிதம் பத்து நிமிடத்தில் கிழியும், கடலை மண்ணில் கொட்டும், பிள்ளை அழும். அதற்குப் பதில் ஆளுக்கொரு சுருக்குப்பை. கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். ஒவ்வொரு பையிலும் அந்தந்தப் பிள்ளையின் பெயர், கலர் நூலில், கையால் போட்ட சங்கிலித் தையலில். பெயர் படிக்கத் தெரியாத வாண்டுகளுக்காகப் பக்கத்தில் ஒரு கிளி, ஒரு மீன், ஒரு குடை.

பெரிய வீட்டில் இதற்கும் உத்தரவு வாங்க வேண்டும். உத்தரவு தருகிறவள் மாமியார் அல்ல. அந்த அம்மாள் போய் வெகுகாலம் ஆகிறது. இராமகிருஷ்ணனின் அக்கா பேச்சியம்மாளிடம்தான் சாவிக்கொத்து. கணவன் இறந்தபின் அப்பா வீட்டுக்கே வந்து பதினைந்து வருஷமாக அதை இடுப்பில் செருகியிருக்கிறாள். பேச்சியம்மாள் கெட்டவள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு சாமான் வீணாவதைப் பார்த்தால் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும், அவ்வளவுதான். பைத் திட்டத்தைக் கேட்டதும் அவள் கேட்ட ஒரே கேள்வி துணி எவ்வளவு ஆகும் என்பது.

பிறகு அவளே மனமிரங்கி, மேலே வைக்கப் பழைய சீட்டித் துணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். உள்ளே வைத்துத் தைக்க வெள்ளைக் காடாத் துணி ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தாள். கசக்கிப் போட்டுத் தைத்துக்கொள்ளச் சொன்னாள்.

கசக்குவது என்றால் விருதுநகரில் மாசி மாதத்தில் ஒரு வாளி. கிணறு விடிய விடிய ஊறி இரண்டு குடம் தரும். வீரலட்சுமி அந்த ஒரு வாளியில் துணியை ஊறவைத்து, அதே தண்ணீரில் மறுபடி முக்கி, பிழிந்து, சோற்றுக் கஞ்சியில் நனைத்து, மொட்டைமாடியில் காயப்போட்டாள். மொடமொடவென்று புதுத்துணி மாதிரி இருந்தது. பேச்சியம்மாளே தொட்டுப் பார்த்து, பரவாயில்லை என்றாள்.

பையனின் பையில் பச்சை நூலில் அய்யாதுரை என்று தைத்து, பக்கத்தில் ஒரு ரயில் எஞ்சினும் போட்டிருந்தாள். அதையும் மதினி பேச்சியம்மாள் பார்த்தாள்.

"வாயால சொல்லக் கூடாத பேரை ஊசியால மட்டும் சொல்லலாமாக்கும்?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இன்று காலையில் லாரி ஏறுவதற்கு முன்னால் பதினோரு பிள்ளைகளுக்கும் வீரலட்சுமியே பைகளை இடுப்பில் கட்டிவிட்டாள். ஓடி விளையாடும்போது விழுந்துவிடக் கூடாதென்று அரைஞாணோடு சேர்த்து இரட்டை முடிச்சு. பையன் கடைசியாக வந்தான். அவள் முன்னால் வந்து நின்று, சட்டையைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டான். கட்டி முடித்ததும் ரயிலை ஒரு விரலால் தடவிப் பார்த்தான். அந்த விரலை நினைத்துக்கொண்டே அவள் இரண்டு மணி நேரமாக வீட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனியில் காலைப் பூஜையை முடித்துவிட்டு இராமகிருஷ்ணன் காரில் வந்து அவளையும் மாலைகளையும் ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. எட்டு மணிக்குக் கார் சத்தம் வாசலில் கேட்டது. அவனுக்குக் காப்பி சுடவைக்க அடுப்பில் கங்கு மட்டும்தான் இருந்தது. விறகை மூட்ட, கையில் அகப்பட்ட வெட்டுத்துணியில் ஒரு பிடி எடுத்துக் கங்கின்மேல் போட்டாள்.

சீட்டித் துணி புகைந்தது. வெள்ளைத் துணி புகையவில்லை. சுர்ரென்று சீறிக்கொண்டு, ஊதா நிறத்தில், ஒரு முழ உயரத்துக்கு எழுந்தது. அவள் முன்கையில் மயிர் பொசுங்கியது. பின்வாங்கிச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றாள். துணி அடங்கிய இடத்தில் சாம்பல்கூட இல்லை.

கம்பெனிக்காரர் வீட்டில் பிறந்தவளாக இருந்தால் அந்த நிறமே சொல்லியிருக்கும். வீரலட்சுமி பருத்திக் காட்டில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். ஏதோ சரியில்லை என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு போய்க் கணவனிடம் காட்டினாள்.

இராமகிருஷ்ணன் துணியை முகர்ந்தான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். பிறகு, கம்பெனியில் சரக்கு வந்தால் செய்வதுபோல, துணியின் ஓரத்தை நாக்கு நுனியில் வைத்தான். நாக்கு ஜில்லென்றிருந்திருக்க வேண்டும்.

"இந்தத் துணி ஏது உனக்கு?"

மதினி கொடுத்ததாகச் சொன்னாள்.

அது கம்பெனியில் வெடியுப்பைக் காய்ச்சி வடிகட்டுகிற துணி. நாக்கில் ஜில்லென்று படுவது அந்த உப்புதான். மாதம் பூராவும் உப்புத் தண்ணீரைக் குடித்த துணி. பழசானால் ஊருக்கு வெளியே குழிதோண்டி எரித்துவிடுவார்கள். அப்படி எரிப்பதற்காக வேலியில் போட்டிருந்த துணியைப் போன வெள்ளிக்கிழமை முதல் காணவில்லை என்று வாட்ச்மேன் சொல்லியிருந்தான். போன வெள்ளிக்கிழமை பூஜைக்கு வந்திருந்தது அக்கா. நல்ல காடாத் துணி வேலியில் கிடந்தால் அவள் கண் சும்மா விடுமா?

வீரலட்சுமி கசக்கித்தான் தைத்ததாகச் சொன்னாள்.

"எத்தனை தண்ணியில?"

"ஒரு வாளி."

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். ஆற்றில் போட்டு நாலு அலசு அலசியிருந்தால் உப்புக் கரைந்து போயிருக்கும். ஒரே வாளியில் ஊறவைத்துப் பிழிந்ததில், அங்கங்கே திட்டாக இருந்த உப்பு துணி முழுக்கச் சீராகப் பரவிவிட்டது. கஞ்சி வேறு போட்டுக் காயவைத்தாயிற்று. இனி அதற்கு ஒரு பொறி போதும்.

அங்கே கோயிலில் இந்நேரம் வரிசையாகப் பொங்கல் அடுப்பு மூட்டியிருப்பார்கள். பதினோரு பிள்ளைகளும் அடுப்பைச் சுற்றித்தான் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

காப்பி, மாலை, பூட்டு எல்லாவற்றையும் மறந்துவிட்டு இருவரும் காரில் ஏறினார்கள்.

கார் சூலக்கரை மேட்டைத் தாண்டுவதற்குள் அவள் நாலு தெய்வங்களுக்கு நேர்ந்துகொண்டுவிட்டாள் என்று எழுதினால் வாசகர்கள் நம்புவார்கள். உண்மையில் அவள் ஒரு தெய்வத்தையும் நினைக்கவில்லை. முடிச்சைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இரட்டை முடிச்சு. தீ பிடித்தால் பிள்ளையால் அவிழ்க்க முடியாது. பெரியவர்களாலும் சட்டென்று அவிழ்க்க முடியாது. அவள் அப்பன் மாட்டுக்குப் போடுகிற முடிச்சு அது.

சிவகாசிக்கு முன்னால் ரயில்வே கேட் மூடிக்கிடந்தது.

கேட்டுக்கு முன்னால் இரண்டு லாரி, ஒரு மாட்டுவண்டி. இராமகிருஷ்ணன் இறங்கிப்போய்க் கேட்கீப்பரிடம் ஏதோ சொன்னான். அவர் தண்டவாளத்தைக் காட்டினார். பிறகு இவன் வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வராத ரயிலுக்காகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் அவள் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சும்மா இருக்கையில பத்திக்கிடுமா?"

"பத்தாது. நெருப்பு தொடணும்." கொஞ்சம் பொறுத்து அவனே சொன்னான்: "தொட்டா நிக்காது."

இந்நேரம் யாராவது ஒரு சிரட்டைக் கங்கைத் தள்ளியிருப்பார்கள், யாராவது சூடத்தட்டை நீட்டியிருப்பார்கள், பிள்ளைகள் தொட்டுக் கும்பிடக் குனிந்திருப்பார்கள் என்று ஒவ்வொன்றாக அவள் மனசுக்குள் ஓடியது. பையன் தீயைக் கண்டால் தள்ளிப்போகிறவன் அல்ல. கம்பெனிக்காரர் வீட்டுப் பிள்ளை. மத்தாப்பைப் பிடித்துக்கொண்டே நடை பழகியவன்.

அதோடு இன்னொரு நினைப்பும் வந்தது. அதை நினைத்ததற்காக அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பிள்ளைக்கு ஏதாவது ஆனால், 'இளையவள் தைத்த பை' என்றுதான் ஊர் சொல்லும். தெரியாமல் செய்தாள் என்று ஒருவர்கூடச் சொல்ல மாட்டார்கள்.

ரயில் வந்தது. சரக்கு ரயில். முடிவில்லாமல் போனது.

கோயிலை அடைந்தபோது மணி ஒன்பதே முக்கால். தூரத்திலிருந்தே புகை தெரிந்தது. அது பொங்கல் புகைதான் என்று தெரிந்துகொள்ள இன்னும் ஒரு நிமிடம் ஆயிற்று. கார் நிற்பதற்குள் அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, மணலில் செருப்பு புதைய, அதை உதறிவிட்டு ஓடினாள்.

ஒன்பது அடுப்புகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. சுற்றிலும் சொந்தக்காரப் பெண்கள். புகை கண்ணைக் கரித்தது. பிள்ளைகள் இங்கும் அங்குமாக ஓடிக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொரு இடுப்பிலும் ஒரு பை ஆடிக்கொண்டிருந்தது. இராமகிருஷ்ணன் எதிர்ப்பட்ட முதல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பைகளைக் கழற்றும்படி எல்லோரையும் பார்த்துச் சத்தம் போட்டான். மேளக்காரர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. சாமி வந்துவிட்டதென்று சிலர் கும்பிட்டார்கள்.

அவள் கண் பச்சை நூலைத் தேடிக்கொண்டிருந்தது.

கடைசி அடுப்புக்குப் பக்கத்தில் பையன் இருந்தான். பானை பொங்கப்போகிறதென்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்பு வாயிலிருந்து தென்னம்பாளையின் நுனி ஒன்று எரிந்தபடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பைக்கும் அதற்கும் இடையில் ஒரு ஜாண் இருக்கும். அவன் இன்னும் கொஞ்சம் குனிந்தான்.

"தம்பி!" என்று கத்தினாள்.

ஏழெட்டுத் தலைகள் திரும்பின. அந்தக் கூட்டத்தில் யார்தான் தம்பி இல்லை? பந்தல்காலைப் பிடித்துக்கொண்டிருந்த நாற்பது வயது ஆள்கூடத் திரும்பிப் பார்த்தார். பையன் மட்டும் திரும்பவில்லை. இன்னொரு தடவை கத்தினாள். அவன் பானையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கும் அவளுக்கும் நடுவில் முப்பது அடி மணல். ஓடிப் போய்ச் சேர்வதற்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம்.

"அய்யாதுரை! ஏலே அய்யாதுரை! இங்க வாலே!"

மேளம் நின்றுவிட்டது. வேப்பமரத்தடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர் அய்யாதுரை எழுந்து நின்றார். பெண்கள் வாயில் கையை வைத்தார்கள். மருமகள் மாமனார் பெயரை 'ஏலே' போட்டுக் கூப்பிட்டதை அந்தக் கோயில் அன்றுவரை கேட்டதில்லை.

பையன் திரும்பினான். அந்தக் குரலில் தன் பெயரை அவன் கேட்டதில்லை. யார் கூப்பிட்டது என்று ஒரு கணம் பார்த்தான். பிறகு அடுப்பை விட்டுவிட்டு அவளை நோக்கி வந்தான்.

அவள் மண்டியிட்டு அவன் இடுப்பைப் பிடித்தாள். முடிச்சு அவிழவில்லை. நகத்தால் பிறாண்டினாள். பிறகு குனிந்து கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். பையன் பயந்துபோய் அழத் தொடங்கினான். அவனுடைய ரயில் பறிபோகிறதென்று மட்டும் அவனுக்குத் தெரிந்தது.

பிள்ளை அழுகிற சத்தத்துக்குச் சோணைமுத்து வந்துவிட்டார். சித்திக்காரி பிள்ளை இடுப்பிலிருந்து எதையோ பறித்துக்கொண்டிருக்கிறாள், பிள்ளை அலறுகிறான். அவர் எட்டு நாளாக எதைப் பார்க்கப் பயந்தாரோ, அல்லது எதைப் பார்க்கக் காத்திருந்தாரோ, அது கண்முன்னால் நடந்தது. பையனை அவள் கையிலிருந்து இழுத்துத் தூக்கிக்கொண்டார்.

"என்னத்தா பண்றே பிள்ளையை? உனக்கென்ன பைத்தியமா?"

இராமகிருஷ்ணன் பையை வாங்கி, கடலையைக் கொட்டிவிட்டு, உள்துணியைக் கிழித்து, அந்த எரிகிற பாளையின்மேல் போட்டான்.

சீறல் எல்லோருக்கும் கேட்டது. ஊதாத் தீ பானையின் கழுத்துவரை எழுந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் அலறிக்கொண்டு விலகினார்கள்.

அதற்குப் பிறகு யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அது வெடிக் கம்பெனிக்காரர் குடும்பம். நிறத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். தாய்மார்கள் பிள்ளைகளைத் தேடி ஓடினார்கள். கத்தரிக்கோல், அரிவாள்மணை, காதுகுத்த வந்த ஆசாரியின் கத்தி, எது கிடைத்ததோ அதனால் கயிறுகளை அறுத்தார்கள். பைகள் ஒவ்வொன்றாகக் கோயில் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தன. சண்முகத்தாய் என்று தைத்தது, சண்முகவேல் என்று தைத்தது, கிளி, மீன், குடை. வீரலட்சுமி தொட்டி ஓரத்தில் நின்று எண்ணினாள். பத்து. பையனுடையதோடு பதினொன்று. எல்லாப் பிள்ளைகளும் முழுசாக இருந்தார்கள். அவள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பெயர் சொன்னதைப் பற்றி யாரோ ஒரு கிழவி முணுமுணுத்தாள். பெரியவர் கையை உயர்த்தினார்.

"அவ கூப்பிட்டா, பிள்ளை திரும்புனான். அந்தப் பேச்சு இத்தோட முடிஞ்சது."

பெயர் பேச்சு முடிந்தது. துணிப் பேச்சு முடியவில்லை. சோணைமுத்து பையனை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். பத்தரைக்கு ராகு காலம். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார்.

"என் மடியில இன்னைக்கு இந்தக் காரியம் நடக்காது," என்றார் சோணைமுத்து. "தங்கச்சி பிள்ளைக்கு இடுப்புல வெடிமருந்தைக் கட்டி அனுப்புற வீட்டுல அவனை விட்டுட்டுப் போனா, நான் மனுசன் இல்லை. மத்தியான பஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போறேன். யாரும் மறிக்காதீக."

பிறகு வீரலட்சுமியின் பக்கம் திரும்பினார்.

"துணி யாரு குடுத்தா?"

பேச்சியம்மாள் இரண்டு ஆள் தள்ளித்தான் நின்றிருந்தாள். சாவிக்கொத்தை இறுகப் பிடித்திருந்தாள்.

வீரலட்சுமியும் பேசவில்லை. மதினி கொடுத்தாள் என்று சொன்னால், தப்பிக்கப் பழியைத் தள்ளுகிறாள் என்பார்கள். பெற்ற பிள்ளையைப்போல் இந்த வீட்டைப் பார்த்த மதினியையா என்பார்கள். சொல்லாவிட்டால் பிள்ளை மத்தியான பஸ்ஸில் போய்விடும். இரண்டையும் நினைத்துப் பார்த்தாள்.

இராமகிருஷ்ணன் சொல்லியிருக்கலாம். அவன் அக்காவைப் பார்த்தான், மைத்துனரைப் பார்த்தான், கடைசியில் தன் காலையே பார்த்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் பன்னிரண்டு வயதில் அம்மாவை இழந்தவனை வளர்த்தது அந்த அக்கா. நமக்கு எரிச்சல் வந்து என்ன செய்ய?

எதையாவது செய்ய வேண்டுமே என்று அவன் தொட்டியிலிருந்து பைகளை எடுத்து உள்துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று அவன் கை நின்றது. வீரலட்சுமிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"இது எல்லாம் சேர்ந்து ரெண்டு கஜம்கூட வராது. வேலியில காணாமப் போனது ஆறு கஜம்."

அவள் அவனைப் பார்த்தாள். மதினி துணியைக் கிழித்துக் கொடுத்த சத்தம் அவளுக்கு நினைவு வந்தது. கையில் கொடுத்தது ஒரு துண்டுதான்.

நேரே பேச்சியம்மாளிடம் போனாள். சண்டைக்குப் போகிறாள் என்று நினைத்துக் கூட்டம் வழிவிட்டது. அவள் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள்.

"மதினி, மிச்சத் துணி எங்க இருக்கு?"

பேச்சியம்மாள் முறைத்தாள். தன்னை எல்லோர் முன்னாலும் மாட்டிவிடத்தான் கேட்கிறாள் என்று நினைத்திருப்பாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போயிற்று. சாவிக்கொத்து கையிலிருந்து நழுவி மணலில் விழுந்தது.

"எம் மக காந்தத்துக்குக் குடுத்துவிட்டேன்," என்றாள். கூட்டத்தில் கடைசி ஆளுக்கும் கேட்டது. "நாந்தான் கம்பெனி வேலியில இருந்து எடுத்தேன். ரெண்டு கஜத்தை இவகிட்ட தைக்கக் குடுத்தேன். மிச்சத்தைப் பிள்ளைக்குத் தொட்டில் கட்டச் சொல்லி நேத்துச் சாத்தூருக்குக் குடுத்துவிட்டேன்."

லட்சுமிகாந்தம் அவளுடைய ஒரே மகள். சாத்தூரில் புருஷன் வீட்டில் இரண்டாவது பிள்ளை பெற்று இருபத்தைந்து நாள் ஆகிறது. அதனால்தான் கோயிலுக்கு வரவில்லை. பச்சைப் பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, பழகிய துணிதான் போட வேண்டும். காடாத் துணி ஆகிவந்த துணி, மெத்தென்று இருக்கும் என்று பேச்சியம்மாள் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறாள். அவளும் ஒரு வாளித் தண்ணீரில்தான் கசக்கியிருப்பாள்.

துணி யார் கொடுத்தது என்பது தெரிந்துவிட்டது, அதைக் கேட்ட சோணைமுத்துகூட அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீரலட்சுமிக்கு நிம்மதி வரவில்லை. இப்படி ஒரு நியாயம் கிடைப்பதற்குக் கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

"பிள்ளைக்கு எத்தனை மணிக்குத் தண்ணி ஊத்துவாக?" என்று கேட்டாள்.

ஏன் கேட்கிறாள் என்று அங்கே இருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். பிள்ளையைக் குளிப்பாட்டித் தொட்டிலில் போட்டதும், சட்டியில் கங்கை அள்ளிச் சாம்பிராணி தூவித் தொட்டிலுக்கு அடியில் காட்டுவார்கள். புகை துணிக்குள் ஏற வேண்டுமென்று சட்டியை நன்றாக உயர்த்திப் பிடிப்பார்கள்.

"பதினோரு மணிக்கு," என்றாள் பேச்சியம்மாள். "நாந்தான் பதினோரு மணிக்கு ஊத்தச் சொன்னேன்."

இராமகிருஷ்ணனின் கைக்கடிகாரத்தில் பத்து இருபது. சாத்தூர் பதினாலு மைல், பாதி ரோடு வண்டிப்பாதை. அவன் அதற்குள் காரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். பேச்சியம்மாளும் ஓடப் பார்த்தாள், இரண்டடியில் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். வீரலட்சுமி அவள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, ஏறக்குறைய சுமந்துகொண்டுபோய்ப் பின் சீட்டில் தள்ளினாள். தள்ளிய வேகத்தில் மதினி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை ஒத்தையா விட்டுறாத."

வீரலட்சுமி அந்தக் கையை எடுத்துவிடவில்லை. தானும் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

கார் மணலில் திணறித் திரும்பியது. ஜன்னல் வழியே பார்த்தாள். பந்தல் ஓரத்தில் சோணைமுத்து பையனைக் கீழே இறக்கிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பையன் அழுகையை நிறுத்திவிட்டுக் காரையே பார்த்துக்கொண்டிருந்தான். மத்தியான பஸ்ஸுக்குள் அவள் திரும்பி வர முடியாது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

காரை நிறுத்தச் சொல்லி அவள் கேட்கவில்லை.